ஏழாவது பிளாப்பி

பத்து பிளாப்பிகளில் ஆறு நல்லபடியாக ஏறிவிட்டன. ஏழாவதைச் செருகியதும் கம்ப்யூட்டர் கரகரவென்று இழுத்தது, நின்றது, படிக்க முடியவில்லை என்று திரையில் எழுதியது. எடுத்து ஊதிவிட்டு மறுபடி போட்டேன். அதேதான். எண்பதுகளின் கடைசியில் ஒரு வியாழக்கிழமை மதியம், தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடி அறையில் நடந்தது இது.

அது பாய் நடத்திய கம்ப்யூட்டர் சென்டர். கீழே அவருடைய ரேடியோ ரிப்பேர் கடை; மாடியில் நான்தான் டீச்சர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வாரம் எங்கள் பெரிய மெஷினின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. பாய் பெங்களூரில் புதியது வாங்கி வந்து, அவரே மாட்டினார். டாஸ் ஏறிவிட்டது. டிஸ்க்கின் மறுபாதியில் யூனிக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டமும் ஏற வேண்டும், ஏனென்றால் சனிக்கிழமை காலை பரீட்சை. பன்னிரண்டு பிள்ளைகளும் அதில்தான் செய்து காட்ட வேண்டும். மெஷின் தயாராக இல்லையென்றால் பரீட்சையும் கிடையாது, சென்டரின் அங்கீகாரமும் போய்விடும். இன்றைக்கு என் மகன் டீ ஆறுவதற்குள் லேப்டாப்பில் இரண்டு சிஸ்டம் போட்டுவிடுகிறான். எங்களுக்கு யூனிக்ஸ் இருந்த அந்தப் பத்து பிளாப்பிகளை விட்டால் வேறு கதியில்லை.

ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். உறையின் நீள்துளைக்குள், கறுப்புத் தகட்டின் மேல், சிவப்பாக ஒரு தீற்றல். குங்குமம். அடிப்பாவி! போன மாசம் ஆயுத பூஜைக்குப் பொரிகடலை வாங்கித் தந்து, "உங்க வழக்கப்படி செய்ங்க டீச்சரம்மா" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர் பாய். நான் மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்து, அதிலும் ஆசை அடங்காமல், பிளாப்பிகளையும் வரிசையாக அடுக்கிப் பொட்டு வைத்திருந்தேன்.

"என்னாச்சும்மா?" என்று பாய் படியேறி வந்தார். பிளாப்பியைச் சட்டென்று காகித உறைக்குள் தள்ளினேன்.

"ஏழாவது கெட்டுப்போச்சுங்க பாய்."

யூனிக்ஸ் கொடுத்ததும் டிஸ்க் வாங்கிய அதே பெங்களூர்க் கடைதான்; பழைய டிஸ்க்கில் அவர்களே ஏற்றித் தந்ததால் இந்த பிளாப்பிகளை நாங்கள் அதுவரை போட்டுப் பார்த்ததில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கெட்டதை நம்ம தலையில கட்டிட்டானா? இருங்க, நாளைக்கு மொத பஸ்ஸுல போயி அவனை உண்டு இல்லைன்னு பண்ணிட்டு வர்றேன்" என்று பிளாப்பியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமே என்ற பயத்தில் வாய் வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியம் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தபோது கீழே கடை பூட்டியே கிடந்தது. எந்த வேலை இருந்தாலும் ஜும்மா தொழுகையை விடாத மனிதர், என்னால் எங்கோ பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைக்காரன் அந்தச் சிவப்பைப் பார்த்திருப்பானே, நாலு பேர் முன்னால் சிரித்திருப்பானே என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

நாலு மணிக்கு வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. புதிய பிளாப்பியை மேசைமேல் வைத்தார். "பாவம், அந்த ஆளை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அப்பறம்தான் அவன் குங்குமத்தைக் காட்டுனான். மன்னிப்புக் கேட்டேன். வேற காப்பி போட்டுக் குடுத்தான். உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது."

"நேத்தே பாத்துட்டேங்க பாய். பயந்துகிட்டு சொல்லலைங்க."

முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"பொட்டு வெச்சது தப்பில்லம்மா. தெரிஞ்சே என்னைய சண்டைக்கு அனுப்புனீங்களே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் "போடுங்க, மணியாவுது" என்று மட்டும் சொல்லி, நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏழாவது ஏறியது. திரை எட்டாவதைக் கேட்டது. எனக்குக் கண்ணீர் மறைத்தது. பாய்தான் எடுத்துச் செருகினார்.