தலைவர் போக வழியில்லாத வளைவு

எங்கள் ஊருக்கு விடுதலை வாங்கித் தந்தவர்களில் கடைசியாக மிஞ்சியிருந்த தலைவர் இறந்துபோனார். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்க வைத்தவர், மில் தொழிலாளிகளுக்காக ஜெயிலுக்குப் போனவர். நூறை நெருங்கிய வயது. உயிரோடு இருந்தவரை அவர் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் அன்று காலையில் முதல் ஆளாக வந்து அழுதார்கள். அரசாங்கம் விடுமுறை விட்டது. சாராயக் கடைகளையும் மூடச் சொன்னது. அதற்கப்புறம்தான் முத்தியால்பேட்டையில் நிஜமான சோகத்தைப் பார்த்தேன்.

எனக்குத் தட்டாஞ்சாவடியில் பேக்கிங் வேலை. மறுநாள் காலை இறுதி ஊர்வலம். கம்பெனி லீவு என்பதால் அப்பாவோடு வீட்டில் இருந்தேன். அப்பா பழைய மில் தொழிலாளி. இளவயதில் வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போய் அடித்திருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து, பையனை விடும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்து வெளியே கொண்டுவந்தவர் இந்தத் தலைவர்தான். தன் சைக்கிளிலேயே ஏற்றிக்கொண்டுவந்து வீட்டில் விட்டாராம். அதற்கு அப்பா ஒரு நன்றி சொன்னதில்லை. சொல்லப் போகும்போதெல்லாம் தலைவர், "புள்ளைங்க படிக்குதா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். இப்போது அப்பாவால் நாலடிகூட நடக்க முடியாது.

"வண்டி நம்ம தெரு வழியாத்தான போவுது? வாசல்ல ஒரு சேரப் போடும்மா. கண்ணால பாத்து ஒரு கும்புடு போட்டுக்கறேன்," என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் மடியில் ரோஜா மாலையுமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் வீடு தெருவின் முதல் வீடு. அதை ஒட்டியே கட்சிக்காரர்கள் தெருவை அடைத்து ஃபிளெக்ஸ் வளைவு கட்டியிருந்தார்கள். நடுவில் தலைவர். இடப்பக்கம் தொகுதிச் செயலாளரும் அவர் ஆட்களும், வலப்பக்கம் இளைஞர் அணித் தலைவரும் அவர் ஆட்களும். எல்லோரும் காதில் செல்போனை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். பிறந்தநாள் பேனருக்கு எடுத்த போட்டோக்கள். கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டிருந்ததால் துக்கம் என்று தெரிந்துகொண்டோம்.

ஊர்வலம் வந்தது. வண்டிமேல் கட்டியிருந்த பூக்கோபுரம் வளைவில் முட்டி நின்றது. இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் தலைவர், நடுவே இத்தனை சிரித்த முகங்கள்.

"பூவ எறக்கிடலாம் சார்," என்றார் டிரைவர். முடியாது என்று உடனே பதில் வந்தது. பூ உபயம் செய்த கான்ட்ராக்டரின் பெயர் கோபுர உச்சியில் இருந்தது. அப்படியானால் இடப்பக்கத்தை அறுக்கலாமா?

"எம் மூஞ்சில கத்தி வெக்கறதா? சாவு நாள்ல அபசகுனம்யா," என்றார் செயலாளர்.

வலப்பக்கத்தை அறுக்கலாமா? "எலக்சன் வர்ற நேரத்துல என்னய வெட்டிப் போட்டா வெளிய என்னா பேசுவாங்க?" என்றார் இளைஞர் அணித் தலைவர். அவருக்கு ஐம்பது வயது இருக்கும்.

கடைசியில் செயலாளரே முடிவு சொன்னார். "வண்டியப் பின்னால எடு. வேற தெருவுல போயிடலாம்."

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "போயிடுவாங்களாம்மா?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஏன் சார் இவ்ளோ கஷ்டப்படறீங்க? நடுவுல தலைவரு இருக்காரே, அவர அறுங்க. அவருதான் கோச்சுக்க மாட்டாரு!" என்று கத்தினேன். கூட்டம் வெட்கப்பட்டுத் தலைகுனியும் என்று நினைத்தேன். செயலாளரின் முகம் மலர்ந்துவிட்டது.

"தங்கச்சி சொல்றது கரெக்ட்டு. தியாகத்துக்குன்னே பொறந்தவரு நம்ம தலைவரு," என்றார்.

கத்தி வந்தது. தலைவரை மேலிருந்து கீழாக அறுத்து எடுத்துச் சுவரோரம் வீசினார்கள். வண்டி நுழைந்தது. நுழையும்போதே செயலாளர், இளைஞர் அணி, கான்ட்ராக்டர் எல்லோரும் அதில் தொற்றிக்கொண்டார்கள். செல்போன் படம் எடுப்பவர்களுக்கு வசதியாகச் சுற்றி நின்று கைகூப்பினார்கள். தலைவரின் கால் நுனிகூடத் தெரியவில்லை. அப்பா நாற்காலியின் கையைப் பிடித்து எழப் பார்த்தார். "ஐயா, ஐயா," என்று கூப்பிட்டார். வெடிச்சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வண்டி கருவடிக்குப்பம் சுடுகாட்டுப் பக்கம் திரும்பிவிட்டது.

ரோஜா மாலை அப்பா கையிலேயே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. தலைவருக்காக இல்லை, அப்பாவுக்காக.

பிறகு ஒன்று தோன்றியது. சுவரோரம் கிடந்த தலைவரை எடுத்து, செருப்புக்கால் மண்ணை முந்தானையால் துடைத்து, இன்னொரு நாற்காலியில் அப்பாவுக்கு எதிரே சாய்த்து வைத்தேன். அப்பா மாலையைப் போட்டார். குனிந்து ஏதோ பேசத் தொடங்கினார். நான் உள்ளே போய்விட்டேன். அது அவர்கள் இருவர் விவகாரம். வெளியே வந்து பார்த்தபோது அப்பாவின் கன்னம் ஈரமாக இருந்தது, முகம் தெளிந்திருந்தது.

மத்தியானம் செயலாளர் மூச்சிரைக்க வந்து நின்றார். "பெரியவரே, அந்தப் படத்தக் குடுங்க. சாயங்காலம் எரங்கல் கூட்டம். டேப் போட்டு ஒட்டணும். நடுவுல ஓட்டையா இருந்தா அசிங்கமா இருக்கு, எங்க படம் எடுபடல."

அப்பா நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இவரு இங்கயே இருக்கட்டும் தம்பி. அங்க அவரு எடம் காலியாத்தான் கெடக்குதுன்னு ஊருக்குத் தெரியட்டும்."