மாமா தோற்ற விளையாட்டு

என் மகளுக்கு மூன்று வயது. எதையாவது உடைத்துவிட்டு “விழுந்திட்டுது அம்மா” என்பாள். விழுந்ததா, எறிந்தாயா என்று நான் விடாமல் கேட்பேன். ஒரு கண்ணாடிக் கிண்ணத்துக்கு இவ்வளவு விசாரணையா என்று கணவர் சிரிப்பார். அவர் சொல்வதும் சரிதானோ என்று பிறகு தனியாக நின்று யோசிப்பேன். ஆனாலும் அடுத்த முறையும் கேட்டுவிடுவேன்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில், எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி உடைந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது கலியாணமாகாதவர். சனிக்கிழமைகளில் வந்து சாப்பிட்டுவிட்டு அண்ணாவோடு வீடியோ விளையாட்டு விளையாடுவார். அவருக்குப் பிடித்தது ஒரு பேய்வீட்டு விளையாட்டு. இருட்டு வீட்டுக்குள் அகப்பட்டவர், அங்கே அலையும் பிணங்களுக்குத் தப்பி வெளியே வரவேண்டும். பழைய கருவியில், பெருவிரல்களால் பொத்தான்களை அழுத்தி, அதைப் பலமுறை முடித்தவர் மாமா. அந்த வருடம் அதே விளையாட்டு, கையை அசைத்து விளையாடும் புதிய கருவிக்கு மறுபடி வெளிவந்தது. ரிமோட் போன்ற ஒரு வெள்ளைக் கட்டையைத் துப்பாக்கிபோலத் திரைக்கு நேரே பிடிக்கவேண்டும். பிணம் பிடித்துக்கொண்டால் கட்டையை உதறினால்தான் விடும். மாமாவே வாங்கிக்கொண்டு வந்தார். சிறுவர்களுக்கு ஆகாது என்று பெட்டியில் பெரிதாகச் சிவப்பில் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

பெருவிரலில் இருந்த வித்தை மாமாவின் கைக்கு வரவில்லை. முதல் அறையிலேயே செத்தார். கதிரையை நகர்த்திப் போட்டார், மறுபடியும் செத்தார். பன்னிரண்டு வயது அண்ணா கட்டையை வாங்கி அந்த அறையைத் தாண்டிக் காட்டினான்.

“மாமா, உங்களுக்கு வயசு போட்டுது. போய் அம்மாவோட இருந்து நாடகம் பாருங்கோ,” என்றான்.

மாமாவும் சிரித்தார். இன்னொரு முறை விளையாடி, செத்தார். அவர் கையை ஓங்கியதை நான் பார்த்தேன். கட்டை தொலைக்காட்சியின் மூலையில் போய் அடித்தது. அந்த மூலையில் திரைக்குள் மை கொட்டியதுபோல ஒரு கறுப்பு பரவியது.

அடுக்களையிலிருந்து ஓடிவந்த அம்மா முதலில் திரையைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார்.

“பட்டி கட்டாம விளையாடியிருக்கிறார். வழுகிப்போச்சு,” என்றார். எங்கள் பக்கம் திரும்பி, “என்ன, விளங்கிச்சோ?” என்றார்.

விளங்கியது. அந்தக் கட்டையில் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டி உண்டு. கருவியைப் போடும்போதெல்லாம் அதைக் கட்டச் சொல்லித் திரையிலேயே படம் வரும். அம்மாவின் பேச்சுக்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கொஞ்ச நாளில், வழுக்கிப் போனதைத்தான் நான் கண்ணால் கண்டதாக எனக்கே நினைவு வந்துவிட்டது.

அடுத்த கோடையில் மாமிக்கு விசா கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் மாமாவுக்குப் பேசி முடித்த பெண். படத்தில் பார்த்ததும் தொலைபேசியில் கதைத்ததும் தவிர அவர்களுக்குள் பழக்கம் இல்லை. தாலி கட்டுமுன் மாப்பிள்ளையின் வீட்டில் தங்குவது முறையல்ல என்பதால் எங்கள் வீட்டில், என் அறையில் தங்கினார். மண்டபம் எடுத்தாகிவிட்டது, கூறைச் சேலையும் வந்துவிட்டது. மாமா சனிக்கிழமைகளில் வந்து கால்களைச் சேர்த்துவைத்து உட்கார்ந்திருப்பார். விளையாட்டின் பக்கம் திரும்பவே மாட்டார். வெட்கம் என்று நினைத்தேன்.

பகலில் பெரியவர்கள் வேலைக்குப் போனதும், திரைச்சீலையை இழுத்துவிட்டு மாமிக்கு அந்த விளையாட்டைப் பழக்கினோம். வீட்டுச் சட்டையோடு நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு குறிபார்ப்பார். குறி தப்பாது. பிணம் வந்து பிடித்துக்கொண்டால் மட்டும் அப்படியே நின்றுவிடுவார்.

“உதறுங்கோ மாமி, உதறுங்கோ,” என்று அண்ணா கத்துவான்.

“பொறு தம்பி, அது தானா விடுமோ எண்டு பாக்கிறன்,” என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

ஒருநாள் அண்ணா கடைக்குப் போயிருந்தான். மாமி திரையின் கறுப்பு மூலையைத் தொட்டுப் பார்த்தார்.

“இது என்னண்டு உடைஞ்சது, பிள்ளை?”

“மாமா பட்டி கட்டேல்லை. வழுகிப்போச்சு.”

“விளையாடேக்கையோ?”

“ஓம். தோத்துக்கொண்டிருந்தவர்.”

மாமி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தோத்தா மாமா என்ன செய்வார்?” என்று கேட்டார்.

இவ்வளவு நன்றாகக் குறிபார்க்கிறவர், மாமாவோடு போட்டிக்கு நிற்கத் தயங்குகிறார் என்று நினைத்தேன்.

“பயப்பிடாதேங்கோ மாமி. அவரை நீங்கள் லேசா வெண்டிடுவியள்.”

என் தலையைத் தடவிவிட்டு, தேத்தண்ணி போட எழுந்து போனார்.

அந்த மாதமே கலியாணம் நடந்தது. நான் பூத்தட்டு ஏந்தினேன். இத்தனை வருடங்களில் மாமி வீட்டில் எத்தனையோ பொருட்கள் கைதவறி விழுந்து உடைந்திருக்கின்றன. அம்மாவிடம் கேட்டால், “அவனுக்குக் கோவம் கொஞ்சம் கூட. மனம் நல்லது,” என்பார். மாமி தொலைபேசியில் ஒன்றும் சொல்வதில்லை. என் மகளின் இருமலைத்தான் விசாரிப்பார். நான் கண்டதைச் சொல்லியிருந்தால் மட்டும் அவர் திரும்பிப் போயிருப்பாரா, போகத்தான் விட்டிருப்பார்களா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். அது நெடுநேரம் நிற்பதில்லை.

அம்மா மாப்பிள்ளையின் அக்கா. அண்ணாவிடம் கேட்டால் அதை எங்கேயாவது உளறிவிடுவான். மொழி தெரியாத ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்க மாமிக்கு என்னைவிட வேறு ஆள் இருக்கவில்லை. அண்ணா வெளியே போகும்வரை காத்திருந்து கேட்டிருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது. அன்று சாப்பிடும்போது, மாமாவோடு விளையாட மாமிக்குப் பயம் என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார்.