அண்ணனின் விரதமும் மகளின் அடமும்

பந்தியில் என் அண்ணன் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. சாம்பார் வாளியோடு இலை இலையாகக் குனிந்து போவார். யாராவது கையைப் பிடித்து இழுத்தால், "இன்னைக்கு விரதம்லா, நீங்க சாப்பிடுங்க அண்ணாச்சி" என்பார். "தெனமும் விரதம்னா ஒம்ம வீட்டுல அடுப்பு எதுக்குவே?" என்று கேலி செய்தவர்களும் அவரைச் சாமி என்றே கூப்பிட்டார்கள். சங்கரன்கோவிலில் தறி ஓட்டிய மனிதருக்கு அப்படி ஒரு மரியாதை. வெளியே சாப்பிட்டால் வயிறு முறுக்கி ரத்தமாகப் போகும் என்பது அவர் மனைவி, என் மதினிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பெருங்குடலில் தீராத புண். "ஏலே, ஒருத்தர்ட்டயும் மூச்சு விட்றாத. வீட்டுல கட்டிக்குடுக்க வேண்டிய பொம்பளப் பிள்ள இருக்கு" என்று சொல்லி வைத்திருந்தார். அவர் இறந்து மூன்று வருடமாகிறது. அதன் பிறகும் ரொம்ப நாள் நான் வாயைத் திறக்கவில்லை.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஆட்டிசம் உள்ளவள், பேச்சு நாலைந்து சொற்களோடு சரி. போன வருடம் தட்டைத் தள்ளிவிட ஆரம்பித்தாள். மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்பாள், தன் கையைத் தானே கடிப்பாள். பள்ளியில் அடம் என்றார்கள். இந்தப் பிள்ளைகள் இப்படித்தான் என்றார் ஒரு மருத்துவர். கன்னத்தை அழுத்திச் சோற்றைத் திணித்தவன் நான். அண்ணன் சாப்பிடாதபோது கும்பிட்டோம். இவளை அடித்தோம்.

மதுரையில் வேறொரு மருத்துவர்தான், குடும்பத்தில் யாருக்காவது குடல் நோய் உண்டா என்று கேட்டார். கேட்டுச் சொல்வதாக எழுந்து வந்துவிட்டேன். எனக்கே தெரிந்த விஷயத்தை யாரிடம் கேட்பது? வராந்தாவில் நின்று மதினிக்குப் போன் செய்தேன். "தம்பி, இப்பத்தான் பிள்ளைய மாப்பிள்ளை வீட்டுல பேசிட்டுப் போயிருக்காங்க. செத்த மனுசன் வயித்த இப்பக் கிளறணுமாக்கும்?" என்று அழுதார். உள்ளே மகள் சுருண்டு கிடந்தாள். போனை வைத்துவிட்டுப் போய் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அண்ணனுக்கு இருந்த அதே புண். ஆட்டிசத்துக்கும் இந்தக் குடல் அழற்சிக்கும் சில மரபணுக்கள் பொதுவாக இருக்கலாம் என்று ஆராய்கிறார்களாம். ஒன்றால் மற்றொன்று வருகிறது என்று அர்த்தமில்லை, இன்னும் உறுதியாகவும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். உறுதியாகும்வரை நான் காத்திருக்கப் போவதில்லை. வம்சத்தைக் கேவலப்படுத்திவிட்டேன் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். கேவலப்பட்டால் படட்டும். ஒரு குழந்தை வலியில் துடிக்க, அதன் மேல் நின்றுதான் காப்பாற்ற வேண்டும் என்றால் அந்தக் கௌரவம் எனக்கு வேண்டாம். மருந்து பிடித்திருக்கிறது. நேற்று தட்டை அவளே என் பக்கம் நீட்டினாள்.

மதினி என்னோடு பேசுவதில்லை. ஆனால் போன வாரம் அண்ணன் மகள் கூப்பிட்டாள். "சித்தப்பா, எனக்கும் ரெண்டு மாசமா வெளிக்குப் போகையில ரத்தம் போகுது. அந்த டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறியளா?"

"திங்கக்கெழம போவோம் மக்கா."

"அம்மா கேட்டா?"

"ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லு."

"மாப்பிள்ளை வீட்டுக்கும் நானே சொல்லிருதேன்" என்றாள்.