வெள்ளைக் கட்டத்துக்குக் கீழே ஒரு கேள்வி

என் அண்ணி அச்சு வேலையிலிருந்து இணையப் பக்கங்களுக்கு வந்தவர். துண்டுப் பிரசுரம், விலைப்பட்டியல், கடைப் பலகை என்று பல வருஷம் வடிவமைத்தவர். அந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கடைசி நேரத்தில் தொலைபேசி எண் மாறினால், பழைய எண்ணை நோண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். அதன்மேல் ஒரு வெள்ளைக் கட்டத்தைப் போட்டு மூடி, புது எண்ணை எழுதி அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாதது இல்லாததுதான். அண்ணியின் கை அப்படியே பழகியிருந்தது.

எங்கள் அலுவலகம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு அறை. முன்னறையில் முதலாளியும் அச்சு இயந்திரமும். பின்னறையில் ஜன்னலோரம் அண்ணி, எதிரே நான். தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும் வாசகங்களில் பிழை பார்ப்பது என் வேலை. பக்கம் எப்படித் தோன்ற வேண்டும் என்பது அண்ணியின் பொறுப்பு. அதில் ஏதாவது திறக்கவோ அசையவோ வேண்டுமென்றால் வெளியாள் ஒருவரிடம் கொடுத்து எழுதி வாங்குவோம். அவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்.

முதலாளி சுற்றி வளைக்கவில்லை. பல் மருத்துவமனைக்கான பக்கத்தை நாமே முடித்தால் இணைய வேலை தொடரும், இல்லையென்றால் அச்சோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அச்சுக்கு அவர் ஒருவரே போதும். அப்படியானால் அண்ணியின் நாற்காலிக்கு வேலை இல்லை. அண்ணன் பஸ் ஓட்டுகிறார், ஷிஃப்ட் நேரம் வாராவாரம் மாறும். மகளின் பள்ளி அலுவலகத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது. இப்படி ஓர் இடம் மறுபடி அமையாது என்று அண்ணி சாப்பாட்டு மேஜையில் ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மறுநாள், அதுவரை வெளியாள் எழுதித் தந்த ஸ்கிரிப்டைத் தானே எழுதக் கற்க உட்கார்ந்தார். புதியவர்களுக்கான பாடங்கள் இணையத்திலேயே கிடைத்தன. பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்று சொல்ல ஒரு மொழி, அவை எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்ல இன்னொன்று. இவை இரண்டும் அண்ணிக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்றாவதுதான் ஸ்கிரிப்ட். பார்க்கிறவர் ஒன்று செய்தால் பக்கம் பதிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்கிறது. பட்டனை அழுத்தினால் இதைத் திற. இந்தப் பெட்டி காலியாக இருந்தால் அனுப்பாதே. பிரவுசர் அந்தக் கட்டளைகளை வரிவரியாகப் படித்து நிறைவேற்றும்.

எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"உங்க அண்ணன் மாதிரிதான்" என்றார். "சொன்னதை அப்படியே செய்யும். சொல்லாம விட்டதை நாமளா புரிஞ்சுக்கிட்டுச் செய்வோம்னு அதுக்குத் தோணவே தோணாது."

முதலில் எழுதிய பட்டன் அழுத்த அழுத்தப் பிணமாகக் கிடந்தது. ஸ்கிரிப்டைப் பக்கத்தின் தலையில் வைத்திருந்தார். பிரவுசர் மேலிருந்து கீழாகப் படிக்கிறது. பட்டன் வருவதற்கு முன்பே ஸ்கிரிப்ட் அதைத் தேடிப் பார்த்துவிட்டு, காணோம் என்று நின்றுவிட்டது. கதவே வைக்காத வீட்டில் காலிங்பெல்லைத் தேடியிருக்கிறது என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். ஸ்கிரிப்டைப் பக்கத்தின் கடைசிக்கு நகர்த்தியதும் பட்டனுக்கு உயிர் வந்தது.

மருத்துவமனை கேட்டது, நேரம் பதிவு செய்யும் படிவம். பெயர், தொலைபேசி, நாள், பெரியவரா குழந்தையா. குழந்தை என்று தேர்ந்தெடுத்தால் மட்டும், கூட வருபவரின் பெயர் என்று இன்னொரு பெட்டி தெரிய வேண்டும். அண்ணி அந்தப் பெட்டியை வரைந்தார். அதன்மேல் ஒரு வெள்ளைக் கட்டத்தைப் போட்டு மூடினார். குழந்தை என்று தேர்ந்தெடுத்தால் கட்டத்தை விலக்கு என்று ஸ்கிரிப்ட் எழுதினார். பெரியவர்களுக்கு அந்த இடம் வெறுமையாகத் தெரியும். படிவத்துக்கு மூச்சு விட இடம் கிடைத்ததாக அவருக்குத் திருப்திகூட.

அனுப்பு பட்டனுக்கும் கட்டளை எழுதினார்: எல்லாப் பெட்டிகளையும் பார், ஏதாவது காலியாக இருந்தால் அதன் கீழே சிவப்பில் சொல், எல்லாம் நிரம்பியிருந்தால் அனுப்பு. முதலாளி வந்து பார்த்தார். அவருக்குக் கட்டம் விலகுவதைப் பார்க்கத்தான் ஆசை. குழந்தை என்று போட்டு, மகன் பெயரையும் கூட வருபவராகத் தன் பெயரையும் எழுதி அனுப்பினார். போனது. அண்ணியும் அதுவரை குழந்தை என்று போட்டுத்தான் சோதித்திருந்தார். பக்கம் வெளியானது.

வெளியான மறுநாள் மதியம் மருத்துவமனை வரவேற்பு மேஜையிலிருந்து ஒரு அம்மா பேசினார். முதலாளி போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணியின் மேஜையில் வைத்தார்.

"ஏம்மா, உங்க பக்கத்தைப் பாத்தா இந்த ஊர்ல பெரியவங்களுக்குப் பல்வலியே வராதோ? எல்லாம் குழந்தைங்களாவே பதிவாகுது. பெரியவங்க எல்லாரும் போன்லயே கூப்பிட்டுத் திட்டுறாங்க. அனுப்புன்னு அழுத்தினா கல்லு மாதிரி நிக்குதாம்."

அண்ணி படிவத்தைத் திரையில் திறந்தார். பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

"இன்னொண்ணு கேளுங்க. காலைல ஒருத்தரு, இவ்ளோ பெரிய மீசை, குழந்தைன்னு பதிவு பண்ணிட்டு வந்து உக்காந்திருக்காரு. கூட வருபவர்னு பொண்டாட்டி பேரு. அப்படிப் போட்டாத்தான் போச்சாம்."

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் சரியாகவில்லையென்றால் பக்கத்தை இறக்கிவிடலாம், அப்புறம் மற்றதைப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி முன்னறைக்குப் போனார். மற்றது என்றால் என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அண்ணி பெரியவர் என்று போட்டு எல்லாவற்றையும் நிரப்பி அழுத்தினார். கல்லுதான். நான் படிவத்தின் வாசகங்களை மறுபடி படித்தேன். அவற்றில் குறை இல்லை. ஸ்கிரிப்ட் எங்கே நிற்கிறது என்று ஊகிப்பதைவிட அதையே பேச வைக்கலாம் என்று பாடத்தில் படித்தது அண்ணிக்கு நினைவு வந்தது. ஒவ்வொரு பெட்டியையும் பார்த்தவுடன் என்ன கண்டாய் என்று சொல்லச் சொல்லி ஒரு வரி சேர்த்தார். பிரவுசரில் இதற்கென்றே தனிப் பலகை ஒன்று இருக்கிறது. ஸ்கிரிப்ட் சொல்வதும் அதன் பிழைகளும் அங்கே வரும். அதைத் திறந்து வைத்து மறுபடி அழுத்தினார்.

பெயர் இருக்கிறது. தொலைபேசி இருக்கிறது. நாள் இருக்கிறது. கூட வருபவர் பெயர் காலி.

அண்ணி அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பலகையில் இருந்த கருவியைக் கொண்டு வெள்ளைக் கட்டத்தை ஓரமாக நகர்த்தினார். கீழே அந்தப் பெட்டி காலியாக இருந்தது. அதன் அடியில் சிவப்பு எழுத்தில், இதை நிரப்பவும் என்று எச்சரிக்கை. முந்தின நாளிலிருந்து அது கட்டத்துக்கு அடியில் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

"நான் மூடி வெச்சா, அதுக்கும் மூடினதா ஆயிடுமா?" என்றார் மெதுவாக. "எனக்குத்தானே தெரியல. அதுக்கு எல்லாம் தெரியுது."

திருத்தம் சின்னதுதான். வெள்ளைக் கட்டத்தைத் தூக்கி எறிந்தார். பெட்டியையே நிஜமாக மறைக்கும்படி ஸ்கிரிப்டில் எழுதினார். குழந்தை என்று தேர்ந்தெடுத்திருந்தால் மட்டுமே அந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று அனுப்பு பட்டனுக்கு ஒரு நிபந்தனை சேர்த்தார். பெரியவராகச் சோதித்தார், குழந்தையாகச் சோதித்தார், ஒன்றுமே நிரப்பாமல் சோதித்தார், பெரியவர் என்று போட்டுவிட்டு மனம் மாறிக் குழந்தை என்று மாற்றியும் பார்த்தார். அதற்கப்புறம்தான் வரவேற்பு அம்மாவைக் கூப்பிட்டு, உங்கள் பெயரிலேயே பதிவு செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

போனில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. முதலாளி வாசலில் வந்து நின்றார்.

"போயிடுச்சும்மா" என்றது போன். "நான் பெரிய மனுஷிதான்னு ஒத்துக்கிச்சு."

முதலாளி தலையைச் சொறிந்துகொண்டார். பாராட்டெல்லாம் அவருக்கு வராது. கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் இணையப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவரை வரச் சொல்லட்டுமா என்று அண்ணியிடம் கேட்டார். அண்ணி தலையசைத்தார். அவர் போனதும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அன்று மாலை மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அண்ணி கைப்பையைக்கூடத் தோளிலிருந்து கழற்றாமல் சோபாவில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். ஷிஃப்ட் முடிந்து வந்த அண்ணன், என்ன ஆச்சு என்று கண்ணால் கேட்டார். வேலை இருக்கிறது என்றேன். அவர் ஃபேனை ஒரு படி கூட்டி வைத்துவிட்டு, சமையலறைக்குள் போய்ச் சத்தம் வராமல் பாத்திரம் எடுத்தார்.