ஒரு குதிரைப் படமும் கொஞ்சம் இருட்டும்

போன ஞாயிறு மத்தியானம் சாதிக் வீட்டுக்கு வந்தான். ஸ்கூல் காலத்து நண்பன். சவூதியில் லாரி ஓட்டுகிறவன். லீவு முடிந்து அடுத்த மாதம் திரும்ப வேண்டும். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து விருத்தாசலத்துக்கு எப்போதும் பைக்கில் பறந்து வருகிற ஆள், அன்று பஸ்ஸில் வந்தான்.

"வெயிலு மாப்ள... பொழுது போறதுக்குள்ள கெளம்பிடுவேன்" என்றான். இருட்டுவதற்கு முன் என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

படம் பார்க்கத் துணை கிடைத்தால் நான் விடுவேனா? கருப்பு வெள்ளைக் காலத்து ஹாலிவுட் கௌபாய் படம் ஒன்றைப் போட்டேன். எங்கள் ஊரில் இந்த வகைக்குக் 'குதிரைப் படம்' என்று பெயர்.

இதில் குதிரை இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது... நம்பிக்கைதான் இல்லை. ஒரு கொலைக்காக ஊரே தேடும் ஒருவன், ராத்திரியில் அந்த ஊருக்கே திரும்புகிறான். கொன்றது அவன்தானா? சொல்லமாட்டார்கள். முகத்தில் பாதி எப்போதும் நிழலில். ஒற்றை விளக்கை வைத்துக்கொண்டு என்னமாய் மிரட்டியிருக்கிறார் அந்த கேமராமேன்!

"யாரு மாப்ள உள்ள வந்தது?"

"தெரியக் கூடாதுடா. அதான் அழகே!"

"பிரைட்னஸ கொஞ்சம் கூட்டேன்."

"கூட்டினா படமே செத்துடும். இருட்டப் பாக்கப் பழகணும்டா" என்று வகுப்பு எடுத்தேன்.

குடித்த டீ கப்பை வைக்கப் போனவன், டீப்பாய்க்கு அந்தப் பக்கம் வைத்தான். சுக்குநூறு. "செராமிக் செய்யுற ஊர்ல கப்புக்கா பஞ்சம்? வுடுங்கண்ணே" என்று என் மனைவி சிரித்தாள்.

பிறகு அந்தக் காட்சி. உச்சி வெயில். மணல்வெளியில் அவன் தனியாக நிற்கிறான். திரை முழுக்க வெள்ளை... ஒளிந்துகொள்ள ஒரு நிழல்கூட இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம்.

சாதிக் கேட்டான். "இன்னும் விடியலையா மாப்ள?"

படத்தை நிறுத்தினேன்.

"கண்ணுல பிரஷராம். பாண்டிச்சேரில காட்டினேன். போன பார்வ போனதுதான்னுட்டாங்க. இனிமே வண்டிய தொடக் கூடாதாம்..." என்றான். "வூட்ல இன்னும் சொல்லல. மூத்தவ இப்பதான் காலேஜ் சேந்திருக்கா."

படத்தில் அந்த ஆள் பிழைக்கமாட்டான் என்று தெரிந்தே உட்கார்ந்து ரசிக்கிறவன் நான். பக்கத்து சோபாவில் அதே விதி உட்கார்ந்திருந்தபோது ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறுதல் என்று ஒன்று இதற்கு இருப்பதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள்.

"மிச்சத்தையும் போடு. நீ சொல்லு, நான் கேக்குறேன்" என்றான். போட்டேன். சொன்னேன்.

அவனை வீட்டிலேயே கொண்டுபோய் விட பைக் சாவியை எடுத்தேன். வாசலில் வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. எதுவும் தெரியாத என் மனைவி கேட்டாள்.

"என்னண்ணே... நல்லா பொழுது போச்சா?"

காலால் படியைத் தேடிக்கொண்டே சொன்னான் — "போயிடுச்சும்மா."