ருசி பார்க்கக் கூடாத தேயிலை

ஹாம்பர்க்கில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் பல ஊர்களிலிருந்தும் தேயிலை வந்து குவிகிறது. குடிக்கத்தான் ஆளில்லை. இடைவேளையில் எல்லோர் கையிலும் காப்பி. ஆய்வு அறைக்குள் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது விதி. தேயிலையை அரைத்து, சாறெடுத்து, கருவிக்குள் விடுவதோடு சரி. குன்னூர் பக்கம் ஜெகதளாவில் தேயிலைக்கு நடுவே வளர்ந்த எனக்கு இது இன்னும் பழகவில்லை.

நாங்கள் தேடுவது பூச்சிமருந்தை மட்டுமல்ல, செடிகளே உண்டாக்கும் நஞ்சையும்தான். தேயிலைச் செடிக்கு அந்தக் குணம் கிடையாது. அதன் காலடியில் முளைக்கும் சில களைகளுக்கு உண்டு. கத்திரி வைத்து வெட்டும்போது களையும் கொழுந்தோடு பையில் விழுந்துவிடும். அந்த நஞ்சு நாள்பட உடம்பில் சேர்ந்தால் கல்லீரலைக் கெடுக்கும்.

இதை என் தங்கை மலருக்குப் போனில் சொன்னதே நான்தான். அவள் ஜெகதளாவிலேயே இருக்கிறாள், அம்மாவும் அவளோடுதான். அங்குள்ள சிறு தோட்டக்காரப் பெண்களைச் சேர்த்துக் குழுவாகத் தேயிலை விளைவித்து விற்கிறாள். நான் பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கத்திரியை ஓரங்கட்டிவிட்டாள். பறிப்புக்கு முந்தின நாளே எல்லோரும் வரிசையாக இறங்கி, நீலப்பூக் களையை வேரோடு கையால் பிடுங்க வேண்டும் என்று கட்டாயம் செய்தாள். கூலி வீண் என்று ஊரே முணுமுணுத்தது. இப்போது வெளிநாட்டுக்காரர் வாங்க முன்வந்ததும் அதே ஊர் அவளுக்குப் பொன்னாடை போர்த்தியது. படம் வந்தது. பக்கத்தில் அம்மா, வாயெல்லாம் பல். எனக்கு வயிறு எரிந்தது. விஷயம் என்னுடையது, பேர் அவளுக்கா?

"அக்கோவ், சாம்பிள் உங்கூருக்குத்தான் அனுப்பியிருக்காங்களாம். இதுல தேறலைன்னா வாங்கறவங்க கைய விரிச்சுருவாங்க. எல்லாரும் என்னைய நம்பித்தான் எறங்குனாங்க" என்றாள் மலர் போனில்.

அது எங்கள் ஆய்வகத்துக்கே வந்தது. தங்கையின் தேயிலை என்று மேலாளரிடம் சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். என்னோடு வேலை பார்க்கும் ஆங்கே என்ற ஜெர்மன்காரி அதைக் கருவியில் ஏற்றினாள். நான் அவள் பின்னால் நின்று திரையையே பார்த்தேன். நஞ்சு இருந்தால் கோடு மேலெழும். எழட்டும் என்று நினைத்தேன். ஆமாம், எழ வேண்டும் என்றே மனசு கிடந்து துடித்தது. ஒரு சின்ன மேடு போதும், அந்தப் பொன்னாடை இறங்கிவிடும். சீ, என்ன பிறவி நான்!

கோடு கடைசிவரை மட்டமாகவே போனது. என் கண் கலங்கிவிட்டது. ஆங்கே எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"தங்கைக்காக எவ்வளவு பயந்திருக்கிறாய்!" என்றாள் ஜெர்மன் மொழியில். நான் திருத்தவில்லை.

முடிவு முறைப்படி ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வீடியோவில் கூப்பிட்டார்கள். மலர் அழுதாள், சிரித்தாள். "எல்லாம் நீ சொன்னதுதான் அக்கா. ஊருக்காரங்ககிட்டயும் அதையேதான் சொன்னேன்" என்றாள். அதையும் அவளே முந்திக்கொண்டாள். கோபப்படக்கூட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

அம்மா போனை வாங்கினாள். கையில் ஆவி பறக்கும் டம்ளர்.

"அது கெடக்குது கண்ணு. நம்ம தேயிலை அங்க வந்துச்சே, ருசி எப்பிடி இருந்துச்சு?"

"அம்மா, அக்கா அங்க குடிக்கறதில்ல. அரைச்சு மெசினுக்குள்ள உடறதுதான்" என்று பின்னாலிருந்து மலர் சிரித்தாள்.

"அய்யோ சாமி, ஒரு வாய் கூடவா குடிக்கல?" என்றாள் அம்மா.

"நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.

மறுநாள் மிச்சத் தேயிலையை ஆங்கே உறையிலிட்டு ஒட்டி என்னிடம் கொடுத்தாள். பிறகு யாராவது கேட்டால் மறுபடி சோதித்துக் காட்டுவதற்காக அதைப் பத்திரப்படுத்த வேண்டும்; அது எப்போதும் என் வேலை. இருட்டு அலமாரியில் அதை வைத்துப் பூட்டினேன். அந்தச் சாவி மட்டும் என்னிடம்தான் இருக்கிறது. உறையை நான் பிரிக்கக் கூடாது. ஜெகதளாவில் இந்நேரம் அதே தேயிலைக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும், இரண்டே டம்ளருக்கு.