ரப்பர் பேண்ட் போட்ட டப்பாக்கள்

நீங்கள் இரண்டு பேரும் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். எனக்கு எழுத வருவது தமிழ்தான், அதுவும் எட்டாம் கிளாஸ் வரை படித்த தமிழ். எழுத்துக் கூட்டி மெதுவாக வாசியுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை.

உங்கள் அம்மாவுக்குக் கண் போனது ஒரே நாளில் அல்ல. முதலில் ஓரங்கள் போயின. நேரே நிற்கிற ஆள் தெரியும், பக்கத்தில் வந்து நிற்கிற ஆள் தெரியாது. பிறகு நேரே இருப்பதும் புகைமாதிரி ஆயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பு கெட்டுவிட்டது, போன காட்சி திரும்பி வராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அம்மா சொன்ன முதல் வார்த்தை இது:

"பிள்ளைங்ககிட்ட சொல்லாதீங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை. மோனே, ஓணத்துக்கு வந்தபோது நீ சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவிருந்தது. "உங்களுக்கு முடியாம ஆனா அம்மா அக்கா வீட்டுக்கு, அப்பா என்கூட கோயம்புத்தூருக்கு. நானும் அக்காவும் பேசி வெச்சாச்சு" என்றாய். நல்ல மனசோடுதான் சொன்னாய். உன் வீட்டிலும் அக்கா வீட்டிலும் கூடுதலாக ஒரு ஆளுக்குத்தான் இடம், அது எங்களுக்கும் தெரியும். ஆனால் கல்யாணமான நாள் முதல் நாங்கள் ஒரே கூரைக்குக் கீழே கிடந்தவர்கள். கண் விஷயம் தெரிந்தால் ஆளுக்கொரு பக்கம் ஆகிவிடுவோம். அந்தப் பயம்தான், வேறொன்றும் இல்லை.

தோப்பும்படி பீலிங் ஷெட்டில் அம்மா எத்தனையோ வருஷம் செம்மீனுக்கு ஓடு உரித்தவள். பக்கத்தில் இருப்பவளிடம் கதை பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே உரிப்பாள். "கண்ணு எதுக்குங்க, கை இருக்கே" என்று என்னிடம் சொன்னாள். பார்வை கொஞ்சம் மிச்சம் இருந்தபோதே அடுக்களையை அவள் கைக்குத் தகுந்தபடி வைத்துக்கொண்டாள். பழைய பால்பொடி டின், பிஸ்கட் டின் எல்லாவற்றுக்கும் கடையில் பொட்டலம் கட்டித் தரும் ரப்பர் பேண்டைப் போட்டாள். ஒன்று போட்டது உப்பு, இரண்டு போட்டது சர்க்கரை, மேலும் கீழுமாகப் போட்டது பருப்பு. தேங்காயெண்ணெய்ப் பாட்டில் அடுப்புக்கு இடது பக்கம், சுவரை ஒட்டி. அதற்கப்புறம் புகையும் போய் இருட்டானபோதும் வீட்டில் சோறு வேகாத நாள் இல்லை.

வாரம் அதன் பாட்டுக்குப் போயிற்று. திங்கட்கிழமை மீன்காரன் ஸ்கூட்டரில் வருவான். அம்மா வாசலில் நின்று செவுளுக்குள் கட்டை விரலை விட்டுப் பார்ப்பாள்.

"எந்தா மோனே, நேத்தைய சாளையை எனக்குன்னு எடுத்து வெச்சியா?"

"என்டே சேச்சி! உங்க கண்ணுக்குத் தப்பி ஒரு மீன் விக்க முடியுமா?"

உள்ளே வந்து இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரிப்போம். வேலியேற்றத்தில் கடல் பொங்கிச் சந்துக்குள் தண்ணீர் ஏறுகிற நாட்களில் நான் பாத்திரங்களை மேலே தூக்கி வைப்பேன், எதை எங்கே வைத்தேன் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே. கார்ப்பரேஷன் லாரி ஓட்டியவனுக்கு அது பெரிய வேலை இல்லை. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். வயசான காலத்தில் என்ன ஒட்டுதல் பார் என்று தெருவில் கேலி செய்வார்கள்.

புதன்கிழமை உன் வீடியோ போன் வரும், மோனே. உன் மகள் வரைந்த படத்தைக் காட்டும்போது நான் அம்மாவின் முழங்காலில் மெல்லத் தட்டுவேன். "ஆகா, எவ்வளவு அழகு!" என்பாள். ஒருமுறை குழந்தை படத்தை எடுத்து வருவதற்குள் கை தவறித் தட்டிவிட்டேன். போனில் சுழன்றுகொண்டிருந்த ஃபேனைப் பார்த்து அழகு என்றாள். "அம்மாவுக்கு எங்க வீட்டு ஃபேன் பிடிச்சுப் போச்சு" என்று நீ சிரித்தாய். நாங்களும் சிரித்தோம்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. மோளே, இதில் உன் தப்பு எதுவும் இல்லை, அதை முதலில் எழுதிவிடுகிறேன். நீ இடப்பள்ளியிலிருந்து பெரிய பையோடு வந்தாய். "நீங்க ரெண்டு பேரும் கோயிலுக்குப் போயிட்டு மெதுவா வாங்க. இன்னைக்கு சமையல் நான்" என்றாய். நாங்கள் திரும்பி வந்தபோது அடுக்களை பளபளவென்று இருந்தது. பழைய டின்கள் எல்லாம் குப்பைக்குப் போயிருந்தன. ஒரே அளவில், ஒரே மூடியில் கண்ணாடிப் பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாக நின்றன. மாலில் வாங்கினேன், மலையாளத்தில் பேரும் ஒட்டியிருக்கிறேன் என்றாய். அம்மா கையை நீட்டி ஒரு டப்பாவைத் தடவினாள். "நல்லாருக்கு மோளே" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் தோசைக்கல்லிலிருந்து எலுமிச்சை வாசம் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் கல் முழுக்க நுரை. எண்ணெய்ப் பாட்டில் இருந்த இடத்தில் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீர் பாட்டில் இருந்திருக்கிறது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள்.

"பரவால்ல. இன்னைக்கே கடைக்குப் போய் ரப்பர் பேண்ட் வாங்கிட்டு வரேன். எல்லாத்தையும் பழையபடி வெச்சிரலாம்" என்றேன்.

வாங்கியும் வந்தேன். அன்றும் அடுத்த நாளும் ஒவ்வொரு டப்பாவாக அவள் கையில் கொடுத்து, இது இன்னது, இங்கே வைக்கிறேன் என்று சொன்னேன். ஆனால் மூடிகள் எல்லாம் ஒன்றுபோல. வழுவழுப்பில் ரப்பர் பேண்ட் நழுவி விழுந்தது. எடுக்கப் போன கை பக்கத்து டப்பாவைத் தள்ளியது. வெந்நீர்ப் பாத்திரம் என்று தெரியாமல் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டாள்.

"மதிங்க" என்றாள். போதும் என்று. "அன்னைக்கு வெச்சப்ப கொஞ்சம் கண்ணு இருந்துச்சு. பாத்துப் பாத்து கை படிச்சுது. இனி எதைப் பாத்துப் படிக்க?"

அந்த வாரம் முழுக்கக் கஞ்சியும் கப்பைக் கிழங்கும் நான்தான் வைத்தேன். அவள் அடுக்களை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள், விருந்தாளி மாதிரி. புதன்கிழமை போனில் படத்துக்கு அழகு என்று மட்டும் சரியாகச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறும் நீ வந்தாய். அடுக்களையை எட்டிப் பார்த்து, "அம்மா, வெச்சது வெச்சபடி எவ்வளவு நீட்டா இருக்கு!" என்று சந்தோஷப்பட்டாய்.

"சாயா நீயே போடு மோளே. எது எங்கேன்னு எனக்குத் தெரியல" என்றாள் அம்மா.

"அதான் பேர் ஒட்டியிருக்கேனே!"

"எனக்கு மலையாளம் வாசிக்க வருமா?"

"அட, மறந்தே போச்சு. இரு, தமிழ்ல எழுதித் தரேன். நீ சொல்லிக் கொடுத்த எழுத்துதானே."

நீ தரையில் உட்கார்ந்து பேப்பரை வெட்டி, சின்னப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாய். பிறகு ஒரு துண்டை அம்மா கையில் கொடுத்தாய். "டீச்சர், சரியா எழுதியிருக்கேனா? வாசிங்க பாப்போம்."

நான் எதிர் நாற்காலியில் இருந்தேன். தட்டிச் சொல்ல அவள் முழங்கால் என் கைக்கு எட்டவில்லை. தட்டினாலும் எந்த வார்த்தை என்று எப்படிச் சொல்வது?

அம்மா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தாள். "உப்பு" என்றாள்.

அது கடுகு. "விளையாடாதேம்மா" என்று நீ சிரித்தாய். அவள் சிரிக்கவில்லை. நீ அவள் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினாய். இன்னொரு தடவை ஆட்டினாய். அப்புறம் என்னைப் பார்த்தாய்.

"எவ்வளவு நாளாப்பா? சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா?"

சாயங்காலம், மோனே, நீ போனில் வந்தாய். யாரும் யாரையும் திட்டவில்லை. முதலிலேயே பேசி வைத்ததுதானே, புதிதாகப் பேச ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் அம்மாவே, "நான் போறேன். இங்க இனி எனக்கு என்ன வேலை?" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அவள் இடப்பள்ளியில், மோளே, லிஃப்டில் ஏறிப் போகிற உன் வீட்டில் இருக்கிறாள். தினமும் பேசுகிறாள். "அடுக்களைப் பக்கம் விடறதே இல்லைங்க. பாவம், அவ நல்லதுக்குத்தான் சொல்றா" என்கிறாள். மீன்காரன் அவளைக் கேட்டான், மகள் வீட்டில் என்றேன். மாதக் கடைசியில், மோனே, நீ என்னைக் கூட்டிப் போக வருகிறாய்.

அதுவரை காலையில் நானே சாயா போடுகிறேன். தேட வேண்டிய அவசியம் இல்லை மோளே. சர்க்கரை என்று தமிழில், உன் கையெழுத்தில் பெரிதாக ஒட்டியிருக்கிறது. எனக்கு நன்றாகத் தெரிகிறது.